‘போ’ என்று சொல்லும் பெண்

1915-இல் பிரிட்டனில் ஒட்டப்பட்ட ஒரு சுவரொட்டி. ஜன்னலோரம் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. வெளியே சிப்பாய்கள் அணிவகுத்துப் போகிறார்கள். பிரிட்டனின் பெண்கள் ‘போ’ என்கிறார்கள் என்பது அதன் வாசகம். வரைந்தவர் கீலி என்ற ஓவியர். அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு 1916-இல்தான் வந்தது; அதுவரை ஆண்களை வீட்டைவிட்டுக் கிளப்ப அரசுக்குப் பெண்ணின் முகம் தேவைப்பட்டது.

காரைக்குடியில் முதுகலை வகுப்பில் இதைக் காட்டியபோது, “இது நம்ம ஒக்கூர் மாசாத்தியார் பாட்டுதானேம்மா?” என்றாள் ஒரு மாணவி. ஒக்கூர் எங்கள் சிவகங்கை மாவட்டத்து ஊர். புறநானூறு 279-ஆம் பாட்டில் ஒரு தாய் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளுடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். மாணவி சொன்னது பாதி சரி. ஆனால் அனுப்புவதற்கு முன்பே மாசாத்தியார் கணக்குச் சொல்லிவிடுகிறார்: முந்தைய போரில் பிறந்த வீட்டு ஆண் செத்தான், நேற்றைய போரில் கணவன் செத்தான். பறையொலி கேட்டு அவள் அறிவு மயங்கியதையும் சொல்கிறார். கீலியின் பெண்களுக்கு இறந்தவர்கள் இல்லை, மயக்கமும் இல்லை. நம் மேடைப் பேச்சாளர்களும் அந்த மயக்கத்தை விட்டுவிட்டு ‘வீரத்தாய்’ என்று கைதட்டு வாங்கி, பாட்டைச் சுவரொட்டியாக்கிவிட்டார்கள்.

அதே முதல் உலகப்போரில் இந்தியாவில் ஒட்டிய ஓர் உருது சுவரொட்டியில் பெண்ணே இல்லை. பணம், துப்பாக்கி, சீருடை. உடனே படையில் சேருபவனுக்கு இவை கிடைக்கும் என்கிறது. வரைந்தவர் பெயர் பதிவாகவில்லை. காலனி நாட்டு ஏழையிடம் மானத்தைப் பற்றிப் பேசுவானேன், கூலியைக் காட்டினால் போதும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

அடுத்த போரில் ஒரு விசித்திரம். சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்துக்காக 1943-இல் பெர்லினில் ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் அச்சாயின. தபால்தலையும் ஒரு குட்டிச் சுவரொட்டிதான். வரைந்தவர்கள் வெர்னர், மரியா ஃபான் ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ் தம்பதி. நாஜி அரசுக்கும் தபால்தலை வரைந்தவர்கள். மரியாவின் வேலையும் அந்தக் குடும்பப் பெயருக்குள்தான் அடங்கியது. அவற்றில் ஆண் இயந்திரத் துப்பாக்கி பிடிக்கிறான். பெண் ராட்டை சுற்றுகிறாள், அல்லது காயம்பட்டவனுக்கு மருந்திடுகிறாள்.

அதே 1943-இல், ஜூலை 12 அன்று, சிங்கப்பூரில் சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் திரட்டிய 20 பெண்கள், சேலை கட்டியபடியே கனத்த துப்பாக்கிகளை ஏந்தி போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. அதில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள்.

எங்கள் பக்கத்து நகரத்தார் ஆண்கள் கொண்டுவிக்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனபோது, வாசலில் நின்று வழியனுப்பிய ஆச்சிகளைப் பற்றி இங்கே நிறையக் கதைகள் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பால்வெட்டப் போன பெண்களைப் பற்றி அவ்வளவு இல்லை. அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. லட்சுமி ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் ஆள் சேர்த்தார். கூட்டங்களில் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் தாங்களே வந்து சேர்ந்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபோது, இந்தப் படைப் பெண்களில் ஒரு பகுதியினர் குண்டுவீச்சுக்கு நடுவே பாங்காக் திசையில் பெரும்பாலும் நடந்தே திரும்பினார்கள்.