வடம் பிடிப்பார் யார்? திருவிழா ஒழுங்கு பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

திருவிழா என்பது தெய்வ வழிபாடு மட்டுமன்று. ஊரார் ஒன்றுகூடி ஒரு பெருஞ்செயலை முடித்தற்கு வகுத்துக்கொண்ட ஏற்பாடும் ஆகும். விழாக்களின் தொன்மை, சமயப் பொருள், கலைச் சிறப்பு ஆகியன பற்றி அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், விழாவில் உழைப்பவர் யார், அவர் உழைப்பிற்கு ஈடு யாது, செலவிற்குக் கணக்குக் காட்டுவார் யார், கூட்டத்தைக் காப்பார் யார் என்னும் வினாக்கள் அத்துணை விரிவாக ஆராயப்பெற்றில. இவற்றை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்கள் அடங்கிய தொண்டைநாட்டுப் பகுதியைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தேர்வடத்தைப் பிடிக்கும் கை எதனால் வந்தது என்பதே எம் வினா. உரிமையால் வந்ததா, கட்டாயத்தால் வந்ததா, கூலியால் வந்ததா என்பதனைப் பொறுத்தே விழாவின் நலமும் கேடும் அமைந்தன என்பது எம் துணிபு.

விழா ஏற்பாடு பற்றிய பழைய இலக்கியச் சான்றுகளுள் மணிமேகலையின் விழாவறை காதை சிறந்தது. இந்திர விழா 28 நாள் நடைபெறும் என்பதனை வள்ளுவன் யானைமீது அமர்ந்து முரசறைந்து அறிவிக்கின்றான். தெருக்களில் புதுமணல் பரப்புதல், மனைகளை அணிசெய்தல் ஆகியவற்றை ஊரார்க்கு உணர்த்துமவன், விழா முடியுங்காறும் சினமும் பூசலும் ஒழிந்திருக்குமாறும் வேண்டுகின்றான். விழாவில் பூசல் எழும் என்பது அந்நாளிலேயே எதிர்பார்க்கப்பட்டது என்பதும், அதனைத் தடுப்பது முன்னேற்பாட்டின் ஒரு கூறாகவே கொள்ளப்பட்டது என்பதும் இதனால் பெறப்படும்.

சோழர் காலத்தில் கோயிற்பணி 'பங்கு' என்னும் முறையில் அமைந்தது. தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாடுவார் 48 பேர்க்கும் மத்தளம் முதலிய இசைப்பார் இருவர்க்கும் முதலாம் இராசராசன் நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்தான். இவருள் ஒருவர் இறந்துபடினும் வேற்றூர் செல்லினும், அவர்க்கு அணுக்கராயினார் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அணுக்கர் அதற்குத் தகுதியில்லாராயின், தகுதியுடைய ஒருவரை நிறுத்துதல் வேண்டும். இவ்விதி இரண்டு நன்மைகளைத் தந்தது. பணியாளர்க்கு வாழ்வு உறுதியாயிற்று. பணியும் ஒருவரது மறைவால் நின்றுபோகவில்லை. உரிமை பிறப்பால் வந்ததேனும் தகுதியும் உடன் வேண்டப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

பொருட்பொறுப்புப் பற்றி அறிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் துணைசெய்கின்றன. முதலாம் பராந்தகனது 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) அவை ஊராட்சி பற்றியனவே, விழாவைக் குறித்து எழுந்தன அல்ல. எனினும், பொதுப்பணத்தைக் கையாள்வார் எத்தகையராதல் வேண்டும் என்பதனை அவை தெளிவாக வரையறுக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் உரியரல்லர். விழாக் குழுக்களில் பூசல் விளைவதற்கு இன்றும் இரு காரணங்கள் முதன்மையானவை: கணக்கு வெளிப்படாமை ஒன்று, பொறுப்பு ஒருசிலர் கையிலேயே நிலைத்துவிடுதல் மற்றொன்று. இவ்விரண்டினையும் 1,100 ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டு ஊரவை தன் விதிகளுள் கருதியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் கி.பி. 1017இல் தோன்றினார் எனப்படும் இராமாநுசர், திருவரங்கக் கோயில் நிருவாகத்தைத் திருத்தியமைத்தார் என்பது கோயிலொழுகு கூறும் செய்தி. முன்னர் ஐந்து கொத்தாக இருந்த பணியாளரை அவர் பத்துக் கொத்தாக விரித்தார் என்பர். கோயிலொழுகு பல காலத்துச் செய்திகளின் தொகுப்பாதலின் அதன் கூற்றனைத்தையும் அவ்வாறே கொள்ளுதல் இயலாது. எனினும், புதியோர்க்கு இடம் வேண்டும்போது பழையோரை விலக்காது கொத்துகளைப் பெருக்கினார் என்னும் நினைவை அம்மரபு பேணிவந்துள்ளது. இக்கருத்து பின்னர்ப் பயன்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வொழுங்கு பெரிதும் மாறிற்று. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கும்பினியார்க்கு அளித்த செங்கற்பட்டுச் 'சாகீர்' பகுதியில், 1794 முதல் 1798 வரை லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தார். கோயில்களைப் பேணுதல் குடிகளின் நல்வாழ்விற்கும் வேளாண்மைக்கும் ஏற்றது எனக் கருதிய அவர், காஞ்சிக் கோயில்களின் நிருவாகத்தில் நேரே தலையிட்டார். வரதராசப் பெருமாளுக்கு அவர் அணிகலன் அளித்தார் என்பது மரபு. 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதி, அறநிலையங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது.

அரசின் ஆதரவால் விழாக்கள் தடையின்றி நடந்தன. ஆயின், தேரிழுக்க ஆள் வேண்டியபோது தாசில்தார் ஆணையும் சேவகர் பிரம்பும் ஊர் ஊராகச் சென்றன. குடிகள் தம் வயல்வேலையை விட்டுக் கட்டாயத்தால் வடம் பிடித்தனர். இதனைக் கண்டித்துக் கிறித்தவப் பாதிரிமார் முறையிட்டனர். அவர்தம் நோக்கம் சமயச் சார்புடையதாயினும், அவர் சுட்டிய கட்டாயம் உண்மையே. 1833இல் இலண்டனிலிருந்து வந்த ஆணையை ஒட்டி, 1840களின் தொடக்கத்தில் கும்பினி அரசு கோயில் நிருவாகத்தினின்றும் விலகிற்று. வடம் பிடித்தலில் பெருமை காணும் நாடு, கட்டாயம் நேர்ந்தபோது அதனைச் சுமையாக எண்ணியது. பணி ஒன்றே, வந்த வழி வேறு.

இதற்கு மறுதலையாகவும் வரலாறு அமைந்துள்ளது. காஞ்சி வரதராசர் கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை பற்றி வடகலையார்க்கும் தென்கலையார்க்கும் இடையே எழுந்த வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றங்களில் தொடர்ந்தன. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் 1998 முதல் ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கும் உரிமை பற்றிப் பூசல் மூண்டது. தேரோட்டம் பல ஆண்டுகள் தடைப்பட்டு, உயர்நீதிமன்றத் தலையீட்டிற்குப் பின் 2024இல் நடைபெற்றது. 1830களில் குடிகள் எந்த வடத்தினின்றும் தப்ப முயன்றனரோ, அத்தகைய வடத்தைத் தொடுதற்கே மற்றொரு காலத்தில் மக்கள் போராட நேர்ந்தது. வடம் பிடித்தல் ஊரின் உறுப்பினன் என்பதற்கு அடையாளம் ஆதலின், அதனை மறுத்தல் ஊரினின்றும் விலக்குதலேயாம். 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வாயிலைத் திறந்தது. வடம் வரை செல்லுதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு போதவில்லை.

விடுதலைக்குப் பின் பங்கு முறையின் அடித்தளமும் மாறிற்று. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் மேற்பார்வையை வலுப்படுத்தியது. 1970ஆம் ஆண்டுத் திருத்தம் பணியாளர் பதவியில் மரபுவழி உரிமையை நீக்கிற்று. உச்சநீதிமன்றம் 1972இல் அத்திருத்தத்தை ஏற்றது. நீதி நோக்கில் இஃது இன்றியமையாத மாற்றம். ஆயினும், பங்குடையார் செய்துவந்த சிறு பணிகள் பலவற்றை இனிச் செய்வார் யார் என்னும் வினா எஞ்சி நின்றது.

இவ்வினா கூட்டக் காப்பில் உயிரோடு தொடர்புறுகின்றது. 1992 பிப்பிரவரி 18இல் குடந்தை மகாமக நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள் நடைபெற்ற காஞ்சி அத்திவரதர் விழாவிற்கு ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வந்தனர். 1979இல் நடந்த முந்தைய விழாவின் பட்டறிவு, தொலைக்காட்சியும் கைப்பேசியும் பரவிய காலத்தின் கூட்டத்தை அளவிடப் போதுமானதாக இல்லை. சூலை 18இல் நெரிசலில் சிக்கிச் சிலர் உயிரிழந்தனர். 2022 ஏப்பிரல் 27இல் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தனர். பேரூர் விழாவில் எண்ணிக்கையும், சிற்றூர் விழாவில் கவனிப்பார் இன்மையும் கேடு விளைத்தன எனலாம். தேர் செல்லுமுன் அதன் உச்சியையும் மேலுள்ள கம்பியையும் அளந்து பார்ப்பது ஒருவரது கடமையாக வகுக்கப்பட்டாலன்றி, எவரும் அதனைச் செய்யார்.

இனி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் இற்றை நிலையை நோக்குவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஊர்தி உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் மற்றொரு பெரிய ஊர்தித் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. வல்லம் வடகாலில் 2024 ஆகத்தில் 18,720 மகளிர் தங்குதற்குரிய விடுதி திறக்கப்பெற்றது; அஃது ஒரு கட்டட வளாகமே எனினும், தொகையால் ஒரு பேரூருக்கு நிகராகும். இராமாநுசரின் அவதார விழா சித்திரைத் திருவாதிரையை நிறைவாகக் கொண்டு 10 நாள் நடப்பது. விழாவின் நாளை விண்மீன் குறிக்கின்றது. தொழிலாளியின் நாளை 'ஷிப்ட்' குறிக்கின்றது. இரண்டும் ஒன்றற்கொன்று வளைந்து கொடுப்பன அல்ல. சிற்றூர்களில் ஆடி மாதத்து அம்மன் விழாவிற்குக் காப்புக் கட்டியபின் ஊரார் வெளியூரில் இராத் தங்கலாகாது என்பது மரபு; இரவு வேலைக்குச் செல்வார்க்கு அம்மரபைக் காத்தல் அரிது.

அதனினும் பெரிய இடர்ப்பாடு ஊரார் யாவர் என்பதே. விழாச் செலவு தலைக்கட்டு வரியால் திரட்டப்படுகின்றது. தலைக்கட்டு என்பது ஊரிற் பிறந்து மணம்புரிந்த ஆடவன் குடும்பத்தைக் குறிப்பது. வாடகை வீட்டிலிருப்பார்க்கும் விடுதியிலிருக்கும் மகளிர்க்கும் அதில் இடமில்லை. அவர் வரி தருவாருமல்லர், உபயம் ஏற்பாருமல்லர், விழாக் கூட்டத்தில் பேசுவாருமல்லர். எனவே, பணி செய்யக் கைகள் குறைகின்ற ஊரிலேயே, பணி கேளாத கைகள் பல்லாயிரம் உள்ளன.

இதுகாறும் கூறியவற்றால் போதருவன இவை: பங்கு உள்ளவிடத்துப் பணி நடந்தது, பங்கின்றிப் பணி கேட்டவிடத்துக் கட்டாயம் வேண்டப்பட்டது, பணியையே பங்கெனக் கருதி மறுத்தவிடத்துப் பூசல் விளைந்தது. பொருட்குறையினும் பங்குக்குறையே விழாவை மிகுதியும் நலிவித்தது என்பது எம் முடிபு. கொத்துகளைப் பெருக்கினார் என இராமாநுசரைப் போற்றும் மரபு, அவர் பிறந்த ஊரைச் சூழ்ந்து வாழும் புதுக் குடிகளுக்கும் ஒரு கொத்தினை வகுக்குமாயின், தேர்வடத்திற்கு ஆள் தேடும் தேவை அவ்வூரார்க்கு நேராது.