எரிந்த கட்சி, எரியாத கட்சி

தஞ்சை வட்டாரத்து லாவணியில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்காரும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை என்று மறு கட்சி மடக்கும். விடிய விடியப் பாடினாலும் வழக்கு தீராது. கணினியில் விளையாடுகிறவர்களின் கிராஃபிக்ஸ் கார்டு வழக்கும் அப்படியொரு லாவணிதான். பச்சைக் கட்சி என்விடியா, சிவப்புக் கட்சி ஏடிஐ. 2006-ல் ஏஎம்டி 540 கோடி டாலருக்கு ஏடிஐயை வாங்கியபோது பெயர்ப்பலகை மாறியது, கட்சி மாறவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணித் தீர்ப்புச் சொன்னன. சென்னைக்குத் தெற்கே கோவிலம்பாக்கம், மேடவாக்கம், தாம்பரம் பக்கம் தீர்ப்பைச் சொன்னவை வேறு: போர்டில் ஸ்லாட் உண்டா, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா, கரண்ட் நிற்குமா.

முதல் சுற்றில் இந்த ஊர் கலந்துகொள்ளவே இல்லை. 1996-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ வந்தது. அது முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். என்விடியா 1999-ல் ஜீஃபோர்ஸ் 256-ஐ இறக்கியது. 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்க ஒப்பந்தமே போட்டுவிட்டது. அங்கே ஒரு சாம்ராஜ்யம் எழுந்து விழுந்த அந்தக் காலத்தில், இங்கே வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த அசெம்பிள் கணினிகள் பலவற்றில் இன்டெல் 810 சிப்செட். கிராஃபிக்ஸ் ஆன்போர்டிலேயே இருக்கும். தனிக் கார்டு செருக ஏஜிபி ஸ்லாட் கிடையாது. எந்தக் கட்சி உசத்தி என்று வாதாடிவிட்டு கேபினெட்டைத் திறந்தால், இரண்டு கட்சிக்கும் உள்ளே இடமில்லை.

கேபினெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தது மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய அந்தச் சந்து, கணினி வந்ததும் பக்கத்து நரசிங்கபுரம் தெரு வரைக்கும் பரவியது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்ததும், இறக்குமதி வரி படிப்படியாக இறங்கி 2005-ல் பூஜ்யத்துக்கு வந்தது. 2000-ல் தரமணியில் ஐடி வளாகமான டைடல் பார்க் திறந்தது. ஏரிகளுக்கு நடுவே இருந்த கோவிலம்பாக்கம் ஊராட்சியில் பிளாட்டுகள் விற்கத் தொடங்கின. அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போக மவுண்ட் ரோடுக்குப் பஸ் பிடிப்பதுதான் வழி. பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது 2007 நவம்பரில். அதன் பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் போதும் என்றாயிற்று. விளையாட்டு சிடிக்கு மட்டும் பர்மா பஜார். அங்கே கார்டு பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து இளைஞர்களை அதிகம் ஏமாற்றிய கார்டு எது என்று கேட்டால், ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 என்றுதான் சொல்ல வேண்டும். 2002 பிப்ரவரியில் வந்தது. பெயரில் நான்கு இருக்கிறதே தவிர, உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ்2 எம்எக்ஸின் வம்சம். அதற்கு முந்தைய ஜீஃபோர்ஸ்3-ல் இருந்த பிக்ஸல் ஷேடர் என்ற வசதி இதில் இல்லை. டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மக்கே இந்தப் பெயர் வைத்த விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் விலை குறைவு. பெட்டியில் 64 எம்பி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எம்பி கூடினால் கார்டு உசத்தி என்று நம்பிய காலம் அது. 2003-ல் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி 32 எம்பி கார்டே போதும் என்றது. அதில் எம்எக்ஸ் 440 வைத்திருந்தவர்கள் ராஜாக்கள். அதே ஆண்டு பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வந்தபோது எம்எக்ஸ் கார்டை அது ஏற்கவே இல்லை. கதை ஓட வேண்டிய இடத்தில் பிழைச் செய்தி.

சிவப்புக் கட்சிக்கு அதுதான் பொற்காலம். 2002 ஆகஸ்டில் வந்த ரேடியான் 9700 ப்ரோ எதிரியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளியது. பதிலுக்கு என்விடியா இறக்கிய எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் விசிறி போட்ட இரைச்சலைக் கேலி செய்து அந்த நிறுவனமே ஒரு வீடியோ எடுத்தது. அதைப் பெருந்தன்மை என்பதா, வேறு வழியில்லை என்பதா!

நேர்மையில் யார் மேல் என்ற கிளை வழக்கும் உண்டு. அதில் இருவரும் தோற்றார்கள். 2001-ல் ரேடியான் 8500-ன் டிரைவர், ‘குவேக்’ விளையாட்டின் ஃபைல் பெயரைக் கண்டால் மட்டும் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. ஃபைலுக்கு ‘குவாக்’ என்று பெயர் மாற்றிப் பார்த்ததும் குட்டு உடைந்தது. 2003-ல் என்விடியாவின் டிரைவர் 3டிமார்க்03 என்ற வேகச் சோதனையில் தில்லுமுல்லு செய்தது என்று அந்தச் சோதனையை எழுதிய நிறுவனமே அறிக்கை விட்டது.

எரிந்த கதைக்கு வருவோம். 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் சிப்புகள் சில வழக்கத்துக்கு மீறிப் பழுதாவதை ஒப்புக்கொண்டு கிட்டத்தட்ட 20 கோடி டாலரை ஒதுக்கி வைத்தது. சிப்புக்குள் சிலிக்கான் துண்டை அதன் அடித்தட்டோடு பிணைக்கும் பொருள், சூடேறி ஆறி, சூடேறி ஆறி விரிசல் விட்டதுதான் காரணம். சிப் லெவல் சர்வீஸ் கடைகளுக்கு அது வேலை கொடுத்தது: சிப்பைச் சூடாக்கி எடுத்து, அடியில் ஈயக் குண்டுகளைப் புதிதாகப் பதித்து மறுபடி உட்கார வைக்கும் ரீபால். குறை சிப்புக்குள்ளேயே இருந்ததால், இந்த வைத்தியம் பல லேப்டாப்புகளில் சில மாதங்களே நின்றது. பச்சைக் கட்சிக்காரர்கள் அதைச் சர்வீஸ்காரரின் கைக்குறை என்றார்கள். பாவம், அவர் என்ன செய்வார்!

அதே 2008 ஜூனில் நடந்த விலைச் சண்டை இன்னும் சுவையானது. என்விடியா ஜிடிஎக்ஸ் 280-க்கு 649 டாலர் விலை வைத்தது. ஏஎம்டி 199 டாலருக்கு ரேடியான் எச்டி 4850-ஐயும் 299-க்கு 4870-ஐயும் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே ஜிடிஎக்ஸ் 280 விலை 499-க்கு இறங்கியது. மாதச் சம்பளத்தில் கார்டு வாங்குகிற ஊருக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை; அந்த ஆண்டு சிவப்புப் பக்கம் சாய்ந்தவர்கள் சரியாகத்தான் சாய்ந்தார்கள்.

2010-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480 வந்தது. கார்டு மட்டும் 250 வாட். வீட்டில் வழக்கமாக இருப்பது 600 விஏ யூபிஎஸ். அது தருவது ஏறக்குறைய 360 வாட். பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் கணக்கு எல்லையைத் தொட்டுவிடும். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் கரண்ட் போனால் யூபிஎஸ் ஓர் அலறலோடு அணையும். தமிழகமே மின்வெட்டில் தவித்த 2012-ல் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர வெட்டு அறிவிக்கப்பட்டது. ஃபிரேம் பேச்சு போய் வாட் பேச்சு வந்தது. கேபினெட்டோடு இலவசம்போல வரும் எஸ்எம்பிஎஸ்ஸில், மேலே ஒட்டியிருக்கும் எண்ணை நம்பலாமா என்பதே தனி விவாதம்.

பிறகு இரண்டு கட்சியையும் ஒருசேரத் தோற்கடித்தவர்கள் விளையாடவே விளையாடாதவர்கள். 2017-லும் மறுபடி 2021-லும் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளியதில் உலகமெங்கும் விலை ஏறியது. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் தோண்டிக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் கொட்டின. மைனிங் கார்டு வாங்கலாமா என்ற வழக்கு சூடு பிடித்தது. எரிந்ததா, எரியாததா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. விசிறியைச் சுழற்றிப் பார்ப்பார்கள், ஹீட்சிங்கில் தூசியைத் தேடுவார்கள்.

மூன்றாவது கட்சியாக 2022-ல் இன்டெல் ஆர்க் வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் 12 ஜிபி நினைவகத்தோடு 249 டாலருக்கு வந்த பி580 நல்ல கார்டு. ஆனால் போர்டில் ரீசைஸபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. அந்தக் கார்டைக் கேட்டு வருகிறவரிடம் விவரம் தெரிந்த கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால், “உங்க போர்டு என்ன சார்?” என்று கேட்டாக வேண்டும்.