கட்டடமும் நூற்றொகுதியும்: யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புனரமைப்பு

பழைய நூலகமொன்றைப் புனரமைத்தல் என்பது சுவர்களைச் செப்பனிடுவதோடு நிறைவுறும் பணி அன்று. இடிந்த கட்டடத்தை நிதியும் தொழில்நுட்பமும் மீட்டுத் தரலாம். அழிந்த நூற்றொகுதியையும், நூலகத்துக்கும் மக்களுக்கும் இருந்த உறவையும் அவ்வாறு எளிதில் மீட்க இயலாது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

இந்நூலகம் அரசின் திட்டத்தாற் பிறந்ததன்று. 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா தமது இல்லத்தில் நடத்திய சிறு நூலகமே இதன் வித்தாகும். அடுத்த ஆண்டு ஊர்ப் பெரியோர் கூடிக் குழுவமைத்தனர். 1934 ஆகஸ்ட் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில், வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது.

நூல்களும் வாசகரும் பெருகவே தனிக் கட்டடம் தேவையாயிற்று. களியாட்டு விழாக்கள் மூலமும் நிதி திரட்டப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கலைமரபு தழுவி வரைபடம் அமைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பட்ட கட்டடம் 1959இல் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவினால் திறந்துவைக்கப்பட்டது. பின்னர் சிறுவர் பகுதியும் கேட்போர் கூடமும் சேர்ந்தன. மாணவர், ஆய்வாளர், பத்திரிகை வாசிக்க வரும் முதியோர் ஆகிய அனைவர்க்கும் அது பொதுமனையாக விளங்கியது.

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி, 1981 மே மாத இறுதியில் தொடங்கிய வன்செயல்களின்போது இந்நூலகம் தீயிடப்பட்டது. தேர்தற் கடமைக்கென வந்திருந்த பொலிசாரும் அவர்களுடன் சேர்ந்தோருமே இதற்குப் பொறுப்பாளிகள் எனப் பலரும் சான்று பகர்ந்துள்ளனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் பலவற்றின் பிறிதொரு பிரதியை வேறிடத்திற் பெறலாம். ஆனால் ஓலைச்சுவடிகளின் நிலை அத்தகையதன்று. ஒரு சுவடி எரியும்போது ஒரு பாடமே அழிந்துவிடுகின்றது.

இதன்பின் மக்கள் மீண்டும் நூல் திரட்டினர். கட்டடத்தின் ஒரு பகுதியும் சீராக்கப்பட்டது. எனினும் 1985இல் அது மறுபடியும் சேதமுற்றது. 1998இல் அரசு மீள்கட்டுமானத்தைத் தொடங்கியபோது கடுமையான விவாதம் எழுந்தது. எரிந்த கட்டடத்தை அழிவின் சாட்சியாக விட்டு, நூலகத்தை வேறிடத்தில் அமைக்க வேண்டுமென்றனர் ஒரு சாரார். படிக்க இடமின்றி ஒரு தலைமுறை வளர்கின்றதென்றனர் மறுசாரார். 2003 பெப்ரவரியில் நிகழவிருந்த திறப்பு விழா, விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் தடைப்பட்டது. மாநகரசபை உறுப்பினர் பலர் பதவி துறந்தனர். 2004இல் ஆரவாரமின்றி நூலகம் வாசகர்க்குத் திறக்கப்பட்டது.

இரு சாராரின் கூற்றிலும் உண்மையுண்டு. வெண்ணிற மாடங்களுடன் நிற்கும் இன்றைய கட்டடத்தின் புறத்தோற்றத்தில் எரிவின் சுவடு தெரிவதில்லை. பழைமையை அவ்வாறே மீட்பதாற் பழைமைக்கு நேர்ந்தது மறைந்துபோகும் இடருண்டு. ஆயினும் பாழடைந்த மண்டபத்தில் எந்த மாணவனும் அமர்ந்து படித்தல் இயலாது. நூலகம் வாழ்வோர்க்கு உரியது என்ற அடிப்படையில், மீளத் திறந்தமை ஏற்புடையதே.

ஆனால் அது பணியின் பாதியே. 1981 கற்பித்த பாடம், ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படும் நூல் காக்கப்பட்ட நூலாகாது என்பதாகும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணனிவழிப் பேணுவது இவ்வகையிற் கவனிக்கத்தக்கது. வீடுகளில் முடங்கியிருக்கும் சுவடிகளையும் மலர்களையும் தேடிப் படியெடுத்தலும், மறுபிரதிகளைப் பல இடங்களில் வைத்தலும் புனரமைப்பின் எஞ்சிய கூறுகளாகும். 844 நூல்களைச் சேர்த்த தலைமுறை அரசின் கையை எதிர்பார்த்திருக்கவில்லை. அத்தகைய பங்கேற்பு மீளும்போதே யாழ்ப்பாண நூலகத்தின் புனரமைப்பு நிறைவுபெறும்.