கதை தோன்றாத காலைகள்



திகில் கதையைக் கேட்பது எளிது, எழுதுவது அரிது. மழை பெய்யும் இரவில், விளக்கு மங்கி எரியும் நேரத்தில், வீட்டுப் பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்திப் பேய்க்கதை சொல்லத் தொடங்கினால், நாம் மெல்ல மெல்ல நகர்ந்து ஒருவரையொருவர் ஒட்டி அமர்ந்துகொள்கிறோம். மறுநாள் அத்தகைய கதையொன்றை நாமே எழுதிப் பார்ப்போம் என்று தாளை எடுத்து வைத்தால், ஒரு வரியும் ஓடுவதில்லை. முயன்று எழுதிய வரியோ நமக்கே நகைப்பை உண்டாக்குகிறது. அச்சுறுத்த வேண்டிய பேய் பொம்மலாட்டப் பாவையைப் போலக் கையையும் காலையும் ஆட்டுகிறது. 'இது எனக்கு வராது' என்று தாளைக் கிழித்து எறிந்துவிடுகிறோம்.

இந்த ஐயம் புதியதன்று. உலகெங்கும் புகழ் பெற்ற திகில் கதை ஒன்றும் இத்தகைய ஐயத்திற்கு நடுவிலேதான் பிறந்தது. அதை எழுதியவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பிய இளம்பெண். அவர் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1815-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அது கக்கிய நுண்துகளும் கந்தகப் புகையும் வானில் உயரப் பரவி, ஞாயிற்றின் ஒளியை மங்கச் செய்தன. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லை என்னுமாறு குளிரும் மழையும் வாட்டின. பயிர்கள் அழுகின, பல நாடுகளில் பஞ்சம் வந்தது.

அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்து நாட்டு ஜினீவா ஏரிக்கரையில் ஆங்கிலேயர் ஐவர் வந்து தங்கியிருந்தனர். ஒருவர் பைரன் பிரபு. இருபத்தெட்டு வயதுக்குள் ஐரோப்பா முழுவதும் பேசும் கவிஞராகிவிட்டவர். மற்றொருவர் கவிஞர் ஷெல்லி. மூன்றாமவர் பைரனின் மருத்துவராக வந்த போலிடோரி. இருபது வயது இளைஞர். ஏனைய இருவர் பெண்கள். ஒருவர் மேரி, பின்னாளில் மேரி ஷெல்லி என்று உலகம் அறிந்தவர். மற்றவர் அவருடைய மாற்றாந்தாயின் மகள் கிளேர். பைரன் குடியிருந்த மாளிகைக்கு டியோடாட்டி என்று பெயர். மழை வெளியே செல்ல விடாத நாள்களில் ஐவரும் அங்கே கூடினர். ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சில் பெயர்க்கப்பட்ட பேய்க்கதைத் தொகுதி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அதைப் படித்துப் படித்துச் சிலிர்த்தனர். ஒரு நாள் பைரன், நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அனைவரும் இசைந்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததை மேரியே 1831-இல் தம் நாவலின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் கூறுகிறார். தாம் எவ்வளவோ எண்ணிப் பார்த்தும் கதை எதுவும் தோன்றவில்லை என்கிறார். காலைதோறும் மற்றவர்கள் கதை தோன்றிற்றா என்று வினவுவார்களாம். காலைதோறும் இல்லை என்று சொல்லித் தலைகுனிய நேர்ந்ததாம். பரிசோ தண்டனையோ இல்லாத விளையாட்டுத்தானே, அதற்கு ஏன் இத்தனை நாணம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

மேரியின் தந்தையார் வில்லியம் காட்வின், பெரும் அரசியல் சிந்தனையாளர். தாயார் மேரி உல்ஸ்டன்கிராப்ட், பெண்ணுரிமைக்காக 1792-இலேயே நூல் எழுதிய பெருமாட்டி. அத்தாயார் மேரி பிறந்த பதினொரு நாள்களில், 1797 செப்டம்பரில், பிள்ளைப்பேற்றின் பின்விளைவால் மறைந்தார். புகழ் பெற்ற பெற்றோரின் மகள் என்பதால் தாமும் எழுத்தில் பெயர் பெற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவரைச் சூழ்ந்திருந்தது. ஷெல்லியும் அதையே வற்புறுத்திவந்தார். எதிரிலே இரு பெருங்கவிஞர்கள். பின்னே பெற்றோரின் பெரும்புகழ். இவற்றுக்கு இடையே வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெண். அவருடைய நாணம் நமக்கு விளங்குகிறது அல்லவா?

அவர் தடைப்பட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு என்று நான் கருதுகிறேன். தாங்கள் படித்து மகிழ்ந்த பேய்க்கதைகளுக்கு நிகரான ஒரு கதையைத்தான் அவர் முதலில் தேடினார். அதாவது, பிறரை அச்சுறுத்திய உருவங்களைத் தம் மனத்திலே தேடினார். அங்கே அவை எப்படி இருக்கும்? அவர் உள்ளத்தில் வேறோர் அச்சம் இருந்தது. 1815 பிப்ரவரியில் அவருக்குக் குறைமாதத்தில் முதற்குழந்தை பிறந்து, சில நாள்களிலேயே இறந்துபோயிற்று. அக்குழந்தை வெறுமனே குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகில் வைத்துத் தேய்த்ததும் உயிர் பெற்றது என்று தாம் கண்ட கனவொன்றை அந்த மார்ச்சுத் திங்களில் தம் நாட்குறிப்பில் அவர் எழுதி வைத்திருக்கிறார். கண் விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. இத்தகைய துயரை நெஞ்சில் சுமந்தவருக்கு, பாழடைந்த மாளிகையில் நடமாடும் பிரபுவின் ஆவி எப்படி அச்சம் தரும்?

பின்னர் ஓர் இரவு, உயிரின் தோற்றம் எது, அதை மனிதன் கண்டறிய முடியுமா என்பது பற்றிய உரையாடல் நெடுநேரம் நடந்தது. அக்காலத்தில் இது வெறும் கற்பனைப் பேச்சாக இருக்கவில்லை. இறந்த தவளையின் கால்கள் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி முன்பே காட்டியிருந்தார். அவருடைய மருமகன் அல்டினி 1803-இல் இலண்டன் நகரில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரத்தைச் செலுத்தி, அதன் முகமும் கையும் அசைவதைப் பலர் காணச் செய்திருந்தார். இவ்வுரையாடலை மேரி அமைதியாகக் கேட்டிருந்தார். படுத்த பின்னும் உறக்கம் வரவில்லை. கனவும் நனவும் கலந்த நிலையில் ஒரு காட்சி தோன்றிற்று: தான் பொருத்தி உருவாக்கிய உடலின் அருகே மண்டியிட்டிருக்கும் இளைஞன், உயிர் பெற்று அசையும் அவ்வுடல், தன் செயலைக் கண்டே நடுங்கி ஓடும் அவன். கண் திறந்தபோது மேரியின் உடலும் நடுங்கிற்று. தம்மை நடுங்க வைத்தது பிறரையும் நடுங்க வைக்கும் என்ற தெளிவு அப்போதுதான் அவருக்குப் பிறந்தது. மறுநாள் காலை, கதை தோன்றிவிட்டது என்று அறிவித்தார்.

இறந்த குழந்தை உயிர் பெற்ற கனவுக்கும் இந்தக் காட்சிக்கும் உறவு உண்டு என்று கருதும் ஆய்வாளர் பலர். மேரி அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் அவ்வுறவை எளிதில் புறக்கணிக்க முடியாது.

அவர் எழுதத் தொடங்கிய முறையையும் நோக்குங்கள். கதாநாயகன் எங்கே பிறந்தான், அவன் பெற்றோர் யார் என்று அவர் தொடங்கவில்லை. நவம்பர் மாத இரவில் அந்த உடல் கண் திறக்கும் காட்சியையே முதலில் எழுதினார். அச்சான நூலில் அது நான்காம் இயலின் தொடக்கமாக இடம்பெற்றது. தாம் தெளிவாகக் கண்டதை முதலில் எழுதிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் வேண்டியவற்றைப் பின்னரே அவர் கட்டினார். முதல் வரி கிடைக்கவில்லையே என்று ஏங்கும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

இங்கே வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒரு வினாவை எழுப்ப வேண்டும். மேரியின் முன்னுரை நிகழ்ச்சிக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அதை அப்படியே ஏற்கலாமா? அந்நாள்களுக்குரிய அவருடைய நாட்குறிப்பு தொலைந்துபோயிற்று. ஆனால் போலிடோரியின் நாட்குறிப்பு எஞ்சியிருக்கிறது. 1816 ஜூன் 17-ஆம் நாள் அவர் எழுதியிருப்பது நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. தம்மைத் தவிர ஏனையோர் அனைவரும் கதையைத் தொடங்கிவிட்டனர் என்கிறார். அதாவது, அன்று வெற்றுத்தாளுடன் இருந்தவர் மேரியல்லர், போலிடோரி! ஆகவே மேரி தம் தயக்கத்தைப் பின்னாளில் மிகைப்படுத்தினார் என்று சொல்வோர் உளர். வேறு விளக்கமும் உண்டு. அந்த இரவில் சன்னலின் மூடிய கதவுகளிடையே நிலவொளி நுழைய முயன்றதாக மேரி எழுதியிருக்கிறார். அமெரிக்க வானியலறிஞர் சிலர் அவ்விடத்துக்கே சென்று, மலைச்சரிவை அளந்து, நிலவின் நிலையைக் கணக்கிட்டு, தம் முடிவை 2011-இல் வெளியிட்டனர். ஜூன் 16-ஆம் நாள் விடியற்காலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே அக்கனவு நிகழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அப்படியாயின் இரண்டு சான்றுகளும் முரண்படவில்லை. சில நாள்கள் தடுமாறிய மேரி 16-ஆம் நாள் எழுதத் தொடங்கினார். போலிடோரி 17-ஆம் நாளும் தடுமாறிக்கொண்டிருந்தார். 

தயங்கிய இவ்விருவர் கதியும், தயங்காதவர் கதியும் என்னவாயின? ஷெல்லி ஒரு கதையைத் தொடங்கி விரைவிலேயே கைவிட்டார். பைரன் சில பக்கங்கள் எழுதிவிட்டு நிறுத்தினார். மண்டையோட்டுத் தலை கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிப் போலிடோரி ஏதோ தொடங்கி, அவளை என்ன செய்வது என்று அறியாமல் விழித்தார் என்று மேரி நகைச்சுவையுடன் எழுதுகிறார். ஆனால் அந்தப் போலிடோரியே பின்னர், பைரன் கைவிட்ட துணுக்கிலிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, குருதி குடிக்கும் பிரபு ஒருவனைப் பற்றிய கதையை எழுதி முடித்தார். 1897-இல் வெளிவந்த டிராகுலாவுக்கு முன்னோடி அக்கதை. ஆக, பெரும்புகழ் வாய்ந்த இருவரும் முடிக்காததை, தம்மால் முடியுமா என்று ஐயுற்ற இருவரே முடித்தனர்.

ஆயினும் ஐயத்தை வென்றவுடன் எல்லாம் இனிதாக முடிந்ததென்று எண்ணிவிட வேண்டா. சிறுகதையாக எண்ணியதை நாவலாக விரிக்குமாறு ஷெல்லி ஊக்கினார். மேரி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1816 அக்டோபரில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த தமக்கை பானி இறந்தாள். டிசம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி இறந்த செய்தி வந்தது. மேரி மீண்டும் கருவுற்றிருந்தார். இவ்வளவுக்கும் இடையே 1817 மே மாதத்தில் நூலை முடித்தார். முதலில் அணுகிய பதிப்பாளர்கள் அதை மறுத்தனர். 1818 ஜனவரி முதல் நாள், 'பிராங்கென்ஸ்டைன்' மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டவை 500 படிகளே. ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையும் ஷெல்லி எழுதியது. எனவே நூலே ஷெல்லியுடையது என்று பலர் கருதினர். பெரும் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டும் அவ்வாறே எண்ணிப் பாராட்டினார். அப்போது மேரி வாளாவிருக்கவில்லை. நூல் தம்முடையது என்று ஸ்காட்டுக்குக் கடிதம் எழுதினார். 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

போலிடோரிக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அவருடைய கதையை 1819-இல் ஒரு திங்களிதழ் அவர் இசைவின்றியே பைரனின் பெயரால் வெளியிட்டது. அவரும் பைரனும் மறுத்தும் பயனில்லை. பைரனின் கதை என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். 1821-இல் இருபத்தைந்து வயதிலேயே அவர் மறைந்தார். நம்மைப் பற்றி நாமே கொள்ளும் ஐயம் ஒருபுறம். நம்மால் இயன்றதையும் பிறர் நம்ப மறுப்பது மற்றொருபுறம். எழுதுவோர் இரண்டையும் எதிர்நோக்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்விருவர் வாழ்வும் காட்டுகின்றன.

நண்பர்களே, உங்களில் யாரேனும் திகில் கதை எழுத முனைந்து, ஒன்றும் தோன்றாமல் தயங்கினால், முதலில் ஒரு வினாவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எழுத முயல்வது நான் உண்மையில் அஞ்சும் பொருளையா, அல்லது பிறர் நூலில் நான் படித்த அச்சத்தையா? தேர்வுச் செய்தி வரும் நாள், நோயுற்ற தாயின் அறையில் திடீரெனப் பரவும் அமைதி, தனியே நடந்த தெருவில் பின்னால் கேட்ட காலடியோசை - இவற்றில் ஏதோ ஒன்று உங்கள் நெஞ்சை உண்மையாகவே நடுக்கியிருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். கதையின் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. தெளிவாகத் தெரியும் இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பாட்லி நூலகத்தில் மேரியின் கையெழுத்துப் படி இன்றும் காக்கப்படுகிறது. அதில் அவர் எழுதி அடித்த சொற்கள் உள்ளன. வரிகளுக்கு இடையே நுழைத்த சொற்கள் உள்ளன. ஷெல்லி தம் கையால் செய்த திருத்தங்களும் உள்ளன. அடுத்த முறை உங்கள் தாளில் அடித்தல்கள் மிகுந்து, அதைக் கிழித்தெறியக் கை எழும்போது, அந்தத் தாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை அவர் கிழித்தெறியவில்லை.