தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உரிமையியல் சட்ட உதவி

பாகப்பிரிவினை, கடன், ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு முதலிய, குற்றவியல் சாராத வழக்குகளில், வக்கீல் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் செலுத்த இயலாதவர்க்கு அரசுச் செலவில் ஆலோசனையும் வாதாட வழக்கறிஞரும் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு உரிமையியல் சட்ட உதவி எனப்படும்.

இதன் பழைய வடிவம் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையில் உள்ளது. கோர்ட்டுப் பேச்சுவழக்கில் 'பாப்பர் சூட்' என்று அறியப்பட்ட இம்முறையில், வறியவர் கட்டணம் கட்டாமல் வழக்குத் தொடர அனுமதி கோரலாம். ஆனால் அவருடைய இல்லாமையை எதிர்த்தரப்பும் அரசுத் தரப்பும் மறுக்கலாம் என்பதால், நிலத்தைப் பற்றிய வழக்கு தொடங்குமுன் வறுமையைப் பற்றிய வழக்கு ஒன்று நடந்து முடிய வேண்டியிருந்தது. அப்படி அனுமதி பெற்றவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் அதிகாரம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. அதற்கு முன் எளியவர்க்குத் துணை நின்றவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களே. குற்றப்பரம்பரைச் சட்டத்தால் ஒடுக்கப்பட்ட கள்ளர் மக்களுக்காக வாதாடி, அவர்களால் 'ரோசாப்பூ துரை' என அழைக்கப்பட்ட மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், குற்றவியல் களத்தில் நின்றவரேயாயினும், இவ்வட்டாரத்தின் முன்னோடியாகக் கொள்ளத்தக்கவர்.

வி.ஆர். கிருஷ்ணய்யர், பி.என். பகவதி ஆகியோர் தலைமையில் 1970களில் அமைந்த குழுக்கள் சட்ட உதவியைத் தருமமாக அன்றி உரிமையாகக் காண வற்புறுத்தின. அரசமைப்பின் 42ஆம் திருத்தம், இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் 39அ உறுப்பைச் சேர்த்தது. 1987இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிக்கப்பட்டதால், கம்பத்தார் மாவட்ட நீதிமன்றத்துக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யும் நிலை மாறி, மாவட்டத்துக்கென ஓர் ஆணைக்குழுவும், உத்தமபாளையம், பெரியகுளம் போன்ற ஊர்களின் நீதிமன்றங்களை ஒட்டி வட்டக் குழுக்களும் அமைய வழி பிறந்தது. 2004 ஜூலையில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டதும் இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்னை செல்லும் செலவும் ஒழிந்தது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் பாராமல் உதவிக்கு உரியவர்; எனவே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண் தொழிலாளியிடமோ, மேகமலை அடிவாரத்துப் பளியரிடமோ வருமானத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. மற்றவர்க்கு மாநில அரசு வரையறுத்த வருமான உச்சவரம்பு உண்டு. அதற்கும் விண்ணப்பதாரரின் உறுதிமொழிப் பத்திரமே போதுமெனக் கொள்ளலாம் என 13ஆம் பிரிவு கூறுகிறது. வருமானச் சான்றுக்காக ஒருநாள் கூலியை இழந்து தாலுகா ஆபீசில் காத்திருப்பவர் இப்பிரிவை அறிந்திருப்பதில்லை. கட்டணச் சுமையோ தனியாகக் குறைந்தது: பண வழக்குகளில் உரிமைகோரும் தொகைக்கு 7.5 விழுக்காடாக இருந்த நீதிமன்றக் கட்டணம் 2017இல் 3 விழுக்காடாக்கப்பட்டதால், இரண்டு லட்ச ரூபாய் கோருபவர் கட்ட வேண்டியது 15,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாயிற்று.

நிலுவை வழக்குகளை இரு தரப்பின் இசைவோடு முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு, மேல்முறையீடற்ற தீர்ப்பாணைக்கு நிகராகும். கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். எனினும் விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வலுவில்லாத விதவையும் காப்பீட்டு நிறுவனமும் எதிரெதிரே அமரும்போது, உரியதைவிடக் குறைந்த தொகைக்கு இசைபவர் யார் என்பது வெளிப்படை.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளரின் வழக்குகளே இப்பகுதிக்குத் தனித்தன்மை அளிப்பவை. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால், விபத்து கேரளத்தில் நேர்ந்திருப்பினும், மனுதாரர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கோர மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் இடமளிக்கிறது. கூலி பாக்கிக்கு இத்தகைய சலுகை இல்லை. தோட்டம் அமைந்துள்ள மாநிலத்தின் தொழிலாளர் அலுவலரிடமே முறையிட வேண்டும் என்பதால், சில நாள் கூலிக்காகப் பல நாள் கூலியைச் செலவிட நேர்கிறது. மனுவுக்கு மலையாளம் அறிந்தவரின் துணையும் வேண்டும். அங்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் பொறுப்பும் தேனி ஆணைக்குழுவிடம் இல்லாமல், தொடுபுழாப் பகுதியில் இயங்கும் இடுக்கி மாவட்ட நீதிமன்றத்தைச் சார்ந்த ஆணைக்குழுவிடமே உள்ளது.