பாண்டியன் குதிரையும் எங்க தாத்தா குதிரையும்

எங்க தாத்தா மணியாச்சி ஜங்ஷன்ல குதிரை வண்டி ஓட்டினவர். 1971 பொங்கல் அன்னைக்கு, எட்டு வயசுப் பையனா இருந்த எங்கப்பா, பாசத்துல ஒரு பானை சர்க்கரைப் பொங்கலை அப்படியே குதிரைக்கு வச்சுட்டார். அதுவும் ருசிச்சுத் தின்னுருச்சு. மறுநாள் பேதி. தாத்தா கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாராம். மடிப்பு அப்படியே நின்னுதாம். உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம். காணத்தை நிறுத்திட்டு, காய்ஞ்ச புல்லும் உப்புத் தண்ணியும் குடுத்துப் பார்த்தார். நாலாம் நாள் குதிரை செத்துருச்சு. பொழப்பும் போச்சு.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். வரலாறு நமக்குப் பொழுதுபோக்கு. போன மாசம் மார்க்கோ போலோ படிக்கிறப்ப இந்தக் கதை ஞாபகம் வந்துச்சு.

1290-கள்ல போலோ பார்த்த காயல் துறைமுகம், எங்க ஊருக்குத் தென்கிழக்கே தாமிரபரணி கடல்ல சேர்ற பக்கம். பழையகாயல்தான் அதுன்னு கால்டுவெல் சொன்னார். ஹோர்முஸ், கிஷ், ஏடன்ல இருந்து கப்பல் கப்பலா குதிரை வந்து இறங்கின இடம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல வாங்கியும், வருஷக் கடைசியில நூறுகூட மிஞ்சாதுன்னு போலோ எழுதுறார். குதிரை வைத்தியர் யாரையும் வியாபாரிங்க இங்க வர விடறதில்லையாம். செத்தாத்தானே மறுபடி விக்கலாம்! இதை அப்படியே நம்ப வேண்டாம். சாலிஹோத்திரர் பேர்ல குதிரை வைத்திய நூலே வடமொழியில இருந்துச்சு.

என்ன தீனி போட்டாங்க? வேகவச்ச அரிசியும் கறியும்னு போலோ சொல்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்றது இன்னும் விசேஷம்: வறுத்த பார்லி, வெண்ணெய் போட்ட தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால். நாப்பது நாள் கயித்துல கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பாங்களாம். ஒரு குதிரை விலை 220 தினார். வழியில செத்தாலும் காசு பாண்டியன் கஜானாவுலதான்.

ரெண்டு பேரும் பேதின்னு ஒரு வார்த்தை எழுதல. இது என் ஊகம்தான். ஆனா பக் எங்கேன்னு தெரியுது பாருங்க. குதிரைக்கு இரைப்பை சின்னது. புல்லைச் செரிக்கிற வேலையெல்லாம் பெருங்குடல்ல இருக்கிற நுண்ணுயிருங்க பார்க்குது. மாவுச்சத்து அளவுக்கு மீறினா, மிச்சம் அங்க போய்ப் புளிச்சு அமிலமாகும். பேதி, வயித்துவலி, குளம்பு வீக்கம் எல்லாம் வரும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் முடியாது, குதிரைக்கு வாந்தி வராது. பாலும் அப்படித்தான். மூணு வயசு தாண்டின குதிரைக்குப் பால் சர்க்கரை சரியாச் செரிக்காது.

இன்னைக்கும் வைத்தியத்தோட முதல் படி தாத்தா செஞ்சதுதான்: தானியத்தை நிறுத்து, புல்லு போடு, போன தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டு. ஆனா வளர்ந்த குதிரைக்குப் பேதின்னா பல சமயம் நரம்பு வழியா லிட்டர் கணக்குல ஏத்தணும். வாளித் தண்ணி போதாது. உடனே கால்நடை மருத்துவர்கிட்ட போகணும்.

ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட இதைச் சொன்னேன். பொங்கல் கதையைத் தொட்டாலே அவர் குரல் இறங்கிரும். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அப்ப ராஜாவும் நல்லதுன்னு நெனச்சுத்தானே குடுத்திருப்பான்?"

"ஆமாப்பா."

"எங்கப்பா என்னைய ஒரு வார்த்தை கேக்கலடா" அப்படின்னார்.