யானைப் பைசாவை வாசிப்போம்

பழங்காசு சேகரிப்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். தருமபுரி மாவட்டத்து அதியமான்கோட்டையைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. அதியமான்களின் பெயரைத் தாங்கிய இவ்வூரும் இதை உள்ளடக்கிய பாரமகால் பகுதியும் 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனியாரின் கைக்கு மாறின. அந்த ஆட்சியின் செப்புப் பைசா, தேய்ந்த நிலையில், இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இதனினும் ஏற்ற காசு வேறில்லை.

அதன் ஒரு பக்கம் யானை. மறுபக்கம் காசு அடிக்கப்பட்ட ஊரின் பெயர். 'ஸர்ப்' என்னும் சொல்லைக் கண்டால் 'அடிக்கப்பட்டது' என்று பொருள். அருகில் 'பட்டன்' என்றிருந்தால் அது ஸ்ரீரங்கப்பட்டணம்.

ஆண்டைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். திப்பு முதலில் ஹிஜ்ரி ஆண்டையே பொறித்தார். 1787 வாக்கில் நபி (ஸல்) அவர்களின் பிறப்போடு தொடர்புடைய 'மௌலூதி' ஆண்டுமுறைக்கு மாறி, எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆகவே 4221 என்று தோன்றுவது உண்மையில் 1224; அதாவது ஏறத்தாழ கி.பி. 1796.

காசுகளுக்குப் பெயர்களும் சூட்டினார். இரட்டைப் பைசா 'உஸ்மானி' என மூன்றாம் கலீஃபாவின் பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள பைசா 'ஸுஹ்ரா', அதாவது வெள்ளிக்கோள். அரைப் பைசா 'பஹ்ராம்', செவ்வாய். கால் பைசா 'அக்தர்', விண்மீன்.

மொழி பாரசீகமாயினும் எழுத்து, நம் மக்தப் பிள்ளைகள் அறிந்த அரபு எழுத்தே. எனவே பிறருக்குக் கோடுகளாய்த் தெரிவது அவர்களுக்குச் சொல்லாய்த் தெரியும். அச்சொற்களை வாசிக்க நாம் பழக்காவிடில், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் காசு பழைய செம்பின் விலைக்குப் போய் உருக்கப்படும். உருகிய வரலாற்றை எவராலும் மீட்க இயலாது.

உருவம் பொறித்த காசை வைத்திருக்கலாமா என்று பெற்றோர் வினவுவதுண்டு. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் எழுத்து மட்டும் கொண்ட தீனாரை வெளியிடும்வரை, உருவம் தாங்கிய ரோம, பாரசீக நாணயங்கள் முஸ்லிம்களிடையே புழங்கின என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். காசுக்குத் தனியே பரக்கத் உண்டெனக் கூறி விலையேற்றுவோரை மட்டும் நம்பலாகாது. பொன், வெள்ளிக் காசுகள் நிஸாபை எட்டினால் ஸகாத் உண்டு என்பதையும் மறத்தல் கூடாது.

வாங்குவோர் சிலவற்றைக் கைக்கொள்க. எடையை நிறுத்துப் பார்க்கவும். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தால் ஐயுறவும். புளியோ அமிலமோ இட்டுத் தேய்க்க வேண்டா. பச்சை படர்ந்த பழைய மேற்பரப்பே எழுத்தைக் காக்கிறது. எந்த ஊரில், எவரிடம் பெற்றோம் என்பதைக் குறித்து வைக்கவும்.

நிலத்தைத் தோண்டுகையில் புதையலாகக் கிடைத்த காசு நம் சேகரிப்புக்கு உரியதன்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமை. நூறாண்டு கடந்த காசை அயல்நாட்டு உறவினருக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அமானிதம் பேணுவது மார்க்கக் கடமையாதலின், இச்சட்டங்கள் நமக்குப் புதியன அல்ல.

ஒரு பைசாவை வாங்கி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, ஊர்ப்பெயரையும் ஆண்டையும் அதன் வாயாலேயே படிக்கச் செய்வோம். முன்னோர் கைமாற்றிய காசை வாசிக்கும் தலைமுறையாக நம் மக்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.